நின்ற இடத்தில் பெற்றோல் குடிக்கும் வண்டி



காலையில் லயன் வாசலில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் சீராக வருவதில்லை. இழுத்து இழுத்து, விட்டு விட்டு ஓடுகிறது. சைலன்சரில் கறுப்புப் புகை. பக்கத்தில் நின்றால் பெற்றோல் மணம் மூக்கில் ஏறுகிறது. எஞ்சின் குளிராக இருக்கும்வரை ஓரளவு ஓடும் வண்டி, சூடேறிய பிறகு சந்தியில் நிறுத்தினால் ஓய்ந்துவிடுகிறது. மெக்கானிக்கிடம் போனால், "ஐட்லிங்ல பெற்றோல் கூட ஊத்துது தம்பி" என்று சொல்லி ஒரு திருகாணியைத் திருப்பிவிடுகிறார். இரண்டு கிழமையில் பழைய கதைதான்.

இந்த நோய் ஏன் வருகிறது, நம் கையாலேயே எப்படிச் சரிசெய்யலாம் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். உதாரணங்களை யாழ்ப்பாணத்துத் தீவுகளிலிருந்து எடுக்கிறோம். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் கடல் மட்டத்தில் கிடக்கும் ஊர்கள். நாம் இருப்பதோ மலை உச்சியில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பாடம் சுலபமாக விளங்கும்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு லீற்றர் வீணாகப் போனால் கிட்டத்தட்ட அரைப்பேர் போன மாதிரி. அந்த வருடம் கியூஆர் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரும், ஆட்டோவுக்கு 5 லீற்றரும்தான் ஆரம்பத்தில் கிடைத்தன. அந்த 4 லீற்றரில் அரை லீற்றர் புகையாகப் போனால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது.

1. அடுப்பும் எஞ்சினும்

அடுப்பில் விறகை நிறையத் திணித்துவிட்டு ஊதுகுழலை எடுக்காமல் இருந்தால் என்ன நடக்கும்? தீ எரியாது, புகைதான் வரும். சட்டியின் அடியெல்லாம் கரி பிடிக்கும். எஞ்சினுக்குள் நடப்பதும் எரிவதுதான். அங்கே விறகு பெற்றோல். காற்று போதாவிட்டால் அங்கேயும் புகையும் கரியும்தான்.

ஒரு கிலோ பெற்றோல் ஒழுங்காக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். கடல் மட்டத்தில் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 9,000 லீற்றருக்கும் மேற்பட்ட காற்று தேவை. இந்த இரண்டையும் கலந்து கொடுக்கும் பாத்திரம்தான் காபரேற்றர்.

நுளம்புக்கு மருந்தடிக்கும் கைப்பம்பைப் பார்த்திருப்பீர்கள். காற்றை வேகமாகத் தள்ளும்போது, சிறு குழாயின் வாயிலிருந்து மருந்து மேலே இழுபட்டுத் தூவானமாகப் பறக்கிறது. காபரேற்றரிலும் இதே வேலைதான். எஞ்சின் உறிஞ்சும் காற்று குறுகிய வழியால் ஓடும்போது பெற்றோலை இழுத்துக்கொண்டு போகிறது.

காபரேற்றரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. அதில் ஒரு மிதவை. தண்ணீர்த் தாங்கியில் பந்து மிதந்து குழாயை மூடுகிற மாதிரி, பெற்றோல் போதிய அளவுக்கு வந்ததும் இந்த மிதவை ஓர் ஊசியைத் தூக்கி வழியை அடைத்துவிடும். கிண்ணத்திலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் போக இரண்டு துளைகள் உண்டு. ஓடும்போது பெரிய ஜெட் வேலை செய்யும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது, அதாவது ஐட்லிங்கில், சின்ன ஜெட் வேலை செய்யும். இதை ஸ்லோ ஜெட் என்பார்கள்.

ஐட்லிங்கில் எஞ்சினுக்கு வேண்டிய பெற்றோல் மிகச் சொற்பம். ஆகவே சிறு துளி கூடினாலும் உடனே தெரிந்துவிடும். பெற்றோல் கூடிய கலவையை மெக்கானிக்மார் 'ரிச்' என்கிறார்கள். பேர் பணக்காரப் பேர்; வேலையோ நம்ம மடியைக் காலியாக்குவது. பெற்றோல் குறைந்த கலவைக்கு 'லீன்' என்று பேர்.

2. தீவில் நன்றாக ஓடிய வண்டி மலையில் ஏன் புகைக்கிறது?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கு நம் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் போய் வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து படகு. நெடுந்தீவுக்கும் படகு ஏறுவது அதே துறையில்தான். வழியெல்லாம் கடலோடு ஒட்டிய தட்டை நிலம்.

நுவரெலியா நகரமோ கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்துவிடுகிறது. தீவில் 9,000 லீற்றர் சொச்சத்தில் கிடைக்கிற அதே எடைக் காற்று வேண்டுமானால், நுவரெலியாவில் 11,000 லீற்றர் உறிஞ்ச வேண்டும்.

ஆனால் காபரேற்றருக்குத் தராசு கிடையாது. காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். காற்று கனமா மெலிதா என்பது தெரியாது. அதனால் மெல்லிய காற்றுக்கும் ஏறக்குறைய பழைய அளவிலேயே பெற்றோலை ஊற்றிவிடும். கடற்கரையில் சரியாக இருந்த கலவை நம் மலையில் நூற்றுக்கு எட்டு, பத்துப் பங்கு ரிச்சாகிவிடும்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அந்தக் காலமெல்லாம் பழைய வண்டிகளே கைமாறின. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஓடிய வண்டியை வாங்கி மேலே கொண்டுவந்து, "ஏமாத்திட்டான்" என்று விற்றவரைத் திட்டுவதற்கு முன், இந்த உயர வித்தியாசத்தையும் நினைக்க வேண்டும். வண்டியில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம்.

இதை மறுபக்கமாகவும் பார்ப்போம். மலைக்கு ஏற்றபடி பெற்றோலைக் குறைத்து வைத்த வண்டியில் குறிகட்டுவான் வரை போனால், அங்கே கனமான காற்றில் கலவை லீனாகிவிடும். ஐட்லிங் திருகாணியை மட்டும் மாற்றியிருந்தால் பெரிய ஆபத்து இல்லை. கீழே போனதும் திரும்பச் சரிசெய்யலாம். ஆனால் பெரிய ஜெட்டையே சிறிதாக மாற்றியிருந்தால், சமவெளியில் நெடுந்தூரம் வேகமாக ஓடும்போது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிஸ்டன் பழுதாகும். ஜெட் மாற்றியவர்கள் பழைய ஜெட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

3. மண்ணெண்ணெய்க் காலம் சொல்லும் பாடம்

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் போவது தடுக்கப்பட்டது. தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த பலரும் அப்போது குடாநாட்டுக்குள்தான் இருந்தார்கள். மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். அந்த ஊர் மெக்கானிக்மாரின் கெட்டித்தனத்தை இன்றும் பேசுகிறார்கள்.

ஏன் முதலில் பெற்றோல் வேண்டியிருந்தது? பெற்றோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் தீப்பற்றுமளவுக்கு ஆவியாக ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நின்று பிளக்கை நனைத்துவிடும். ஐட்லிங்கில் காற்றோட்டமும் குறைவு, சூடும் குறைவு. ஆகவே மண்ணெண்ணெய் மிக மோசமாக எரிவது அப்போதுதான். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகிப் பிஸ்டனும் வளையங்களும் தேயும்.

தீவுக் கடற்றொழிலாளர் பாவிக்கும் படகு எஞ்சின்களில் மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்த வகை உண்டு. அவற்றையும் பெற்றோலில்தான் ஸ்டார்ட் பண்ணுகிறார்கள். கரைக்கு வந்து நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுவார்கள். கிண்ணத்தில் பெற்றோல் நின்றால்தான் அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகும்.

அவர்கள் வேறு வழியில்லாமல் செய்ததை நாம் மலிவுக்காகச் செய்யக்கூடாது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தபோது பெற்றோலில் கலந்தவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள். 2022 ஓகஸ்ட்டில் அது 340 ரூபாவாக ஏறியது. லாபமும் போய்விட்டது; எஞ்சினும் போய்விட்டது. உங்கள் வண்டி கறுப்பாகப் புகைத்தால், கடைசியாகப் பெற்றோல் வாங்கியது போத்தலிலா, நிரப்பு நிலையத்திலா என்று முதலில் யோசித்துப் பாருங்கள்.

4. திருகாணிக்கு முன் பார்க்க வேண்டியவை

நெடுந்தீவுக்கு உதிரிப்பாகம் வேண்டுமென்றால் கடல் தாண்டி வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறவர் கண்டதையும் கழற்றமாட்டார். செலவில்லாததை முதலில் பார்ப்பார், செலவானதைக் கடைசியில் பார்ப்பார். நமக்கும் அந்த ஒழுங்கே நல்லது.

முதலில் நோய் இதுதானா என்று உறுதிசெய்ய வேண்டும். எஞ்சின் ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்த கறுப்புக் கரியாக இருந்தால் பெற்றோல் கூடுதல். மண்ணிறமாக இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவு. எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்து, புகை நீலமாக வந்தால் அது ஒயில் எரிவது; காபரேற்றரின் குற்றம் அல்ல. ஸ்பார்க் பலவீனமாக இருந்தாலும் பிளக் கறுக்கும் என்பதால், பழைய பிளக் என்றால் புதியதொன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அ) சோக். குளிர் காலையில் இழுத்த சோக்கைத் திரும்பவும் தள்ளினோமா? தள்ளினாலும் உள்ளே முழுதாகப் போகிறதா? கேபிள் இறுகி நின்றால் சோக் பாதி திறந்தபடியே இருக்கும். மலைக் குளிரில் தினமும் சோக் பாவிக்கும் நமக்கு இது சாதாரணமாக வரும் கோளாறு.

ஆ) எயார் பில்ட்டர். தோட்டத்து ரோட்டுப் புழுதியும் மழை ஈரமும் சேர்ந்து பில்ட்டரை அடைத்துவிடும். பில்ட்டரைக் கழற்றி ஒரு நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் சீரானால் கள்ளன் அகப்பட்டுவிட்டான். பில்ட்டர் இல்லாமல் ரோட்டில் ஓடக்கூடாது.

இ) மிதவையும் ஊசியும். காபரேற்றரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, பெற்றோல் வரும் குழாயில் வாயால் ஊதுங்கள். மிதவையின் பாரத்தால் ஊசி மூடியிருக்கும், காற்று போகக்கூடாது. போனால் ஊசியில் அழுக்கு இருக்கலாம், அல்லது முனை தேய்ந்து வளையம்போல் தடம் விழுந்திருக்கலாம். தேய்ந்த ஊசியை மாற்றத்தான் வேண்டும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் குலுங்கினால் மிதவை ஓட்டை. அது பாரமாகித் தாழ்ந்து, கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தை உயர்த்திவிடும்.

ஈ) ஸ்லோ ஜெட். இதன் துளை ஒரு மில்லிமீற்றரில் பாதிகூட இல்லை. அடைப்பெடுக்க ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குத்துவது பெரிய பிழை. 0.35 மில்லிமீற்றர் துளை 0.40 ஆகப் பெருத்தால் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 30 வீதம் கூடிவிடும். அவ்வளவுக்குப் பெற்றோலும் கூடும். சுத்தமான பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் போதும். முன்னர் யாரோ குத்திப் பெருப்பித்த ஜெட் என்றால் புதியது போடாமல் சரிவராது.

உ) காற்று வழி. ஸ்லோ ஜெட்டுக்குப் பெற்றோலோடு கலக்கச் சிறிது காற்றும் தனி வழியால் வருகிறது. தீவுகளில் உப்புக்காற்றும், மலையில் ஈரமும், பெற்றோலில் கலந்த தண்ணீரும் அந்த வழியில் வெள்ளை, பச்சைப் பூப்பாகப் படியும். காற்று அடைபட்டால் பெற்றோல் மட்டும் போகும். பெற்றோல் வழியைச் சுத்தம் செய்கிறவர்கள் இந்தக் காற்று வழியை மறந்துவிடுவார்கள். இரண்டுக்கும் காற்றடிக்க வேண்டும்.

5. திருகாணியைத் திருப்பும் முறை

மேலே சொன்னதெல்லாம் சரியென்றால் மாத்திரமே திருகாணிக்குப் போக வேண்டும். காபரேற்றரில் இரண்டு திருகாணிகள் உண்டு. ஒன்று ஐட்லிங் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. மற்றது கலவையைச் சரிசெய்வது. கலவைத் திருகாணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இதைத் தெரியாமல் திருப்புவதால்தான் பலருக்குச் சரிவருவதில்லை.

பில்ட்டர் பக்கமாக இருந்தால் அது காற்றுத் திருகாணி. வெளியே திருப்பினால் காற்று கூடி, கலவை லீனாகும்.
எஞ்சின் பக்கமாக இருந்தால் அது பெற்றோல் கலவைத் திருகாணி. உள்ளே திருப்பினால் பெற்றோல் குறைந்து, கலவை லீனாகும்.

செய்யும் ஒழுங்கு இது:

முதலாவது: எஞ்சினை நிறுத்திவிட்டு, திருகாணியை மெதுவாக உள்ளே திருப்புங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக் கடதாசியில் எழுதுங்கள். முட்டியதும் நிறுத்த வேண்டும். இறுக்கினால் முனை கெட்டுவிடும்.

இரண்டாவது: முட்டிய இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பல வண்டிகளுக்கு இது நல்ல தொடக்கம்.

மூன்றாவது: பத்து நிமிடம் வண்டியை ஓட்டிச் சூடேற்றுங்கள். சோக் முழுதாக மூடியிருக்க வேண்டும். வேகத் திருகாணியால் ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

நான்காவது: கலவைத் திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி பொறுத்துச் சத்தத்தைக் கேளுங்கள். எஞ்சின் அதிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடம் ஒன்று வரும். அதுதான் சரியான இடம்.

ஐந்தாவது: வேகத் திருகாணியால் ஐட்லிங்கைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். அக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். எஞ்சின் தடுமாறாமல் ஏறி, உடனே ஐட்லிங்குக்கு இறங்க வேண்டும். இறங்காமல் வேகத்திலேயே தொங்கி நின்றால் கலவை லீனாகிவிட்டது. கால் சுற்றுத் திரும்ப வையுங்கள்.

திருகாணியைக் கடைசிவரை திருப்பியும் எஞ்சின் சத்தம் மாறவே இல்லையென்றால் கோளாறு திருகாணியில் இல்லை. நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய் மிதவையையும் ஜெட்டையும் மறுபடி பாருங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் காபரேற்றரே கிடையாது. கணினிப் பெட்டி பெற்றோலை அளந்து விடுகிறது. அவற்றில் கை வைக்க வேண்டாம்.

6. உயிருக்கு ஒரு எச்சரிக்கை

பெற்றோல் கூடி, காற்று போதாமல் எரியும் எஞ்சினிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு நிறைய வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், வாந்தி, நித்திரை. நித்திரையிலேயே உயிர் போய்விடும்.

களவு போய்விடும் என்ற பயத்தில் லயன் அறைக்குள்ளேயும் முன் இஸ்தோப்பிலும் வண்டியை வைக்கிறோம். மழைக் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே எஞ்சினைச் சூடாக்குகிறவர்களும் உண்டு. அடுத்த அறையில் கைப்பிள்ளை தூங்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காபரேற்றரைக் கழற்றுவதும் வெளிச்சத்தில், வெளியில்தான். குப்பி விளக்கு, அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. கிண்ணத்தில் இருக்கும் பெற்றோலை முதலில் மூடியுள்ள போத்தலில் வடித்து எடுங்கள். பிள்ளைகள் குடிக்கும் சோடாப் போத்தலை அதற்குப் பாவிக்க வேண்டாம்.

7. சேர்ந்து பேசுவோம்

வாசிகசாலையிலோ வீட்டிலோ இந்தக் கேள்விகளை ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் காற்றழுத்தம் அவர்களுக்கு இங்கே கைக்கு அகப்படும்.

1. ஊர்காவற்றுறையில் சீராக ஓடிய வண்டி நுவரெலியாவில் கறுப்பாகப் புகைப்பது ஏன்?
2. எஞ்சின் குளிரில் ஓரளவு ஓடி, சூடேறியதும் நின்றால் கலவை ரிச்சா, லீனா?
3. ஸ்லோ ஜெட்டை ஊசியால் குத்தக்கூடாது என்பது ஏன்?
4. உங்கள் வண்டியின் கலவைத் திருகாணி எந்தப் பக்கம் இருக்கிறது? பெற்றோலைக் குறைக்க அதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?
5. உங்கள் லயனில் எத்தனை வண்டிகள் அறைக்குள் வைத்து ஸ்டார்ட் பண்ணப்படுகின்றன? அந்த வீட்டாரிடம் யார் போய்ப் பேசுவது?

ஐந்தாவது கேள்விக்கு விடை கிடைத்ததும் அன்றைக்கே போய்ப் பேசுங்கள். வண்டியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.